இரண்டு தேதிகளுக்கு நடுவே ஒரு நாடு

முதல் நாள்: ஜகார்த்தா

மென்தெங் பகுதியில் இமாம் போன்ஜோல் சாலையின் முதல் எண் வீட்டுக்கு இன்று காலையிலேயே போய்விட்டேன். வெள்ளையடித்த, இரண்டு தளங்கள் கொண்ட வீடு அது. 1945 ஆகஸ்டில் அங்கே குடியிருந்தவர் ஜப்பானியக் கடற்படையின் அதிகாரி தடாஷி மயேடா. ஜப்பான் சரணடைந்ததற்கு மறுநாளான 16ஆம் தேதி இரவு, விடுதலை இயக்கத் தலைவர்களான சுகர்ணோவும் ஹட்டாவும் இன்னும் சிலரும் இந்த வீட்டின் உணவறை மேசையைச் சுற்றி அமர்ந்து, விடியும் முன்பாக இந்தோனேசியாவின் விடுதலைப் பிரகடனத்தை எழுதி முடித்தார்கள். தாமதிக்கக் கூடாது என்று வற்புறுத்திய இளைஞர்கள் அன்று அதிகாலையில்தான் அவ்விருவரையும் ரெங்காஸ்தெங்க்லோக் என்ற ஊருக்குக் கடத்திக்கொண்டு போய், இரவில் திருப்பி அழைத்து வந்திருந்தார்கள்.

இன்று இந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. சுகர்ணோ கைப்பட எழுதிய வரைவையும், அதைச் சாயுத்தி மெலிக் தட்டச்சு செய்த தாளையும் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது அவற்றின் சிறுமைதான். பிரகடனம் முழுவதும் இரண்டே வாக்கியங்கள். இந்தோனேசிய மக்களாகிய நாங்கள் எங்கள் விடுதலையை அறிவிக்கிறோம் என்பது முதல் வாக்கியம். ஆட்சி கைமாறுவது முதலான காரியங்கள் கவனமாகவும் இயன்றவரை குறுகிய காலத்திலும் நிறைவேற்றப்படும் என்பது இரண்டாவது. தட்டச்சு ஆனதும் கையெழுத்து வரைவைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். பத்திரிகையாளர் பி.எம். தியா அதை எடுத்து வைத்திருந்து, 1992இல் அரசிடம் ஒப்படைத்தார்.

அந்தத் தாளில் ஒரு விவரம் என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் '17ஆம் நாள், 8ஆம் மாதம், 05ஆம் ஆண்டு' என்று இருக்கிறது. அந்த 05 என்பது ஜப்பானிய அரச ஆண்டுக் கணக்கில் 2605. மூன்றரை ஆண்டுகள் ஜப்பானின் பிடியிலும் அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக டச்சுக்காரர்களின் பிடியிலும் இருந்த ஒரு மக்கள்கூட்டம், தன்னை விடுதலை பெற்றதாக அறிவிக்கும் தாளிலேயே ஆண்டை மட்டும் இன்னொருவருடைய நாட்காட்டியிலிருந்து எடுத்து எழுத வேண்டியிருந்தது. இதை இகழ்ச்சியாக நான் நினைக்கவில்லை. தேதி யாருடையது என்ற கேள்வி இந்த நாட்டின் பிறப்போடு பிறந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை என்றே தோன்றியது.

மாலையில் பிரகடனப் பூங்காவுக்குப் போனேன். 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை, ரமலான் மாதத்தில், காலை 10 மணிக்குச் சுகர்ணோ தம் வீட்டின் முன்னால் நின்று அந்தத் தாளை வாசித்தார். அந்த வீடு பிற்காலத்தில் இடிக்கப்பட்டுவிட்டது. அவர் நின்ற இடத்தில் மின்னல் முத்திரையைத் தாங்கிய ஒரு தூணும், அருகே சுகர்ணோ, ஹட்டா இருவரின் சிலைகளும் இருக்கின்றன. பிரகடனத்தைப் படம் பிடித்தவர்கள் மெந்தூர் சகோதரர்கள். அலெக்ஸின் படத்தகடுகளை ஜப்பானியர் பறித்துக்கொண்டார்கள்; பிரான்ஸ் தம்முடையதை மண்ணில் புதைத்து வைத்துக் காப்பாற்றினார். உலகம் இன்று அந்தக் காலைப்பொழுதைப் பார்ப்பது அப்படி மண்ணுக்குள் இருந்து பிழைத்து வந்த படங்களின் வழியாகத்தான்.

'இயன்றவரை குறுகிய காலத்தில்' என்று அவர்கள் எழுதிய அந்த ஆட்சிக் கைமாற்றம், சட்டப்படி நிகழ்ந்தது 1949 டிசம்பர் 27 அன்று, ஆம்ஸ்டர்டாமில். இடையில் 4 ஆண்டுகள், 4 மாதங்கள், 10 நாட்கள். அந்த இடைவெளிக்குள் என்ன நடந்தது என்பதை நடந்த இடங்களிலேயே நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம்.

இரண்டாம் நாள்: ரயிலில்

ஜாவாவின் வடகரை ஓரமாகச் சிரெபோன், செமாராங் வழியே சுரபாயாவுக்குப் பகல் முழுவதும் ரயில் பயணம். பார்க்க வயல்களும், எட்டத்தில் மலைகளும், அவ்வப்போது கடலும் இருந்தன. என் மனம் தேதிகளிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு நாடு தன் விடுதலை நாளாக எதைக் கொண்டாடுகிறது என்பதில் அதன் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. இந்தியா, இலங்கை, பர்மா ஆகியவை ஆட்சி முறைப்படி கைமாறிய நாளைக் கொண்டாடுகின்றன. வியட்நாம் கொண்டாடுவது ஹோ சி மின் ஹனோயில் பிரகடனம் செய்த 1945 செப்டம்பர் 2ஐ; அதற்குப் பின் பிரான்சோடு தியன் பியன் பூ வரை நடந்த போரை அது விடுதலைக்கான போராகப் பார்ப்பதில்லை, ஏற்கெனவே பெற்ற விடுதலையைக் காப்பதற்கான போராகவே பார்க்கிறது. போர்த்துக்கலோடு காடுகளில் போரிட்ட கினி-பிசாவு 1973 செப்டம்பர் 24 அன்று தன்னை அறிவித்துக்கொண்டது. லிஸ்பன் ஒப்புக்கொள்ள ஏறத்தாழ ஓராண்டு ஆனது. அமெரிக்காவுமே 1776இல் அறிவித்த நாளைத்தான் கொண்டாடுகிறது, பிரிட்டன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 1783ஐ அல்ல. இந்தியாவிலும் இப்படி ஒரு நாள் இருந்ததை நாம் மறந்துவிடுகிறோம். 1930 ஜனவரி 26 அன்று ஊர்தோறும் முழுச் சுதந்திர உறுதிமொழி எடுக்கப்பட்டது; பிறர் கொடுத்த நாளாக ஆகஸ்ட் 15 வந்தபோது, தாமே எடுத்த அந்த நாளை இழக்க மனமில்லாமல்தான் அதைக் குடியரசு நாளாக்கினார்கள்.

அறிவித்த நாளா, ஒப்புக்கொள்ளப்பட்ட நாளா என்பது சடங்குக்கான கேள்வி இல்லை. முதல் தேதியை ஏற்றால், அதன்பின் அங்கே வந்திறங்கிய படை இன்னொரு நாட்டுக்குள் நுழைந்த படை. இரண்டாவதை ஏற்றால், அதே படை தன் சொந்த நிலத்தில் ஒழுங்கை நிலைநாட்ட வந்த காவல் படை. கொல்லப்பட்டவர்கள் ஒரு கணக்கில் எதிரிநாட்டுக் குடிமக்கள், மறு கணக்கில் கலகக்காரர்கள்.

மூன்றாம் நாள்: சுரபாயா

துஞ்சுங்கான் சாலையில் இருக்கும் மஜபாஹித் ஓட்டலை 1910இல் கட்டியவர்கள் சார்க்கீஸ் குடும்பத்தார். அப்போது அதன் பெயர் ஓரஞ்ச்; ஜப்பானியர் காலத்தில் யமட்டோ. 1945 செப்டம்பர் 19 அன்று இதன் உச்சியில் சிலர் சிவப்பு, வெள்ளை, நீலம் கொண்ட டச்சுக் கொடியை ஏற்றினார்கள். திரண்டு வந்த இளைஞர்கள் மேலே ஏறி, கொடியின் அடியிலிருந்த நீலப் பட்டையைக் கிழித்தெறிந்துவிட்டு, மிஞ்சிய சிவப்பு வெள்ளையைத் தங்கள் கொடியாக மீண்டும் ஏற்றினார்கள். கீழிருந்து அந்தக் கொடிக்கம்பத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கள் கொடியைத் தனியாகத் தைக்கத் தேவையில்லை, மேலே படிந்திருந்ததை நீக்கினால் போதும் என்று அந்த நொடியில் ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறதே என்று வியந்தேன்.

அங்கிருந்து செம்பாலத்துக்கு நடந்து போனேன். தமிழ் வாசகர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் இங்கே வந்திறங்கிய படை இந்தியப் படை. ஜப்பானியரின் ஆயுதங்களைக் களைவதும் போர்க்கைதிகளை மீட்பதும் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளையகத்துக்கு ஒப்படைக்கப்பட்ட பணி. அதற்காக அக்டோபர் 25 அன்று பிரிகேடியர் மல்லபி தலைமையில் 49ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு சுரபாயாவில் இறங்கியது. அந்தப் படைக்குப் பின்னால் டச்சு ஆட்சி திரும்பி வருகிறது என்பதை ஊர் மக்கள் அறிந்திருந்தார்கள். மூன்றே நாளில் சண்டை மூண்டது. சுகர்ணோவும் ஹட்டாவும் விமானத்தில் வரவழைக்கப்பட்டுப் போர் நிறுத்தம் பேசினார்கள். அதற்கு மறுநாள், 30ஆம் தேதி, இந்தப் பாலத்தருகே மல்லபி கொல்லப்பட்டார். நவம்பர் 10 காலை 6 மணிக்குள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்ற கெடு நிராகரிக்கப்பட்டபோது, 5ஆவது இந்திய டிவிஷன் கப்பல் பீரங்கிகளின் துணையோடும் விமானக் குண்டுவீச்சோடும் நகரத்தைத் தாக்கியது. வீதிவீதியாகக் கைப்பற்ற மூன்று வாரங்கள் ஆயின. ஆயிரக்கணக்கான இந்தோனேசியர்கள் மாண்டார்கள். நவம்பர் 10 இன்று இங்கே மாவீரர் நாள்.

அதே நவம்பரின் முதல் வாரத்தில்தான் தில்லிச் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தினர் மீதான விசாரணை தொடங்கியிருந்தது. தம் நாட்டின் விடுதலைக்காக ஆயுதம் ஏந்தியவர்கள் அங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அதே நாட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் இங்கே இன்னொரு நாட்டின் விடுதலையை நோக்கிச் சுட உத்தரவிடப்பட்டார்கள். சைகோனிலும் நிலைமை இதுதான்: பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வர வழி செய்தது பிரிட்டிஷ் தளபதி கிரேசியின் 20ஆவது இந்திய டிவிஷன். இந்திய வீரர்களை இப்படிப் பயன்படுத்துவதை நேரு வெளிப்படையாகக் கண்டித்தார். சுரபாயாவிலும் ஜாவாவின் பிற இடங்களிலும் இந்தியச் சிப்பாய்கள் சிலர் படையை விட்டு இந்தோனேசியர் பக்கம் சேர்ந்தார்கள். 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, உணவு, ஊதியம், அரசியல் கைதிகள் விடுதலை ஆகியவற்றோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்பது. தம் கோரிக்கைப் பட்டியலில் கடல் கடந்த இன்னொரு மக்களுக்கு இடம் கொடுத்த அந்த மாலுமிகளை நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது.

துறைமுகத்தை எட்ட நின்று பார்த்தபோது நினைவுக்கு வந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1945 செப்டம்பரிலிருந்து ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் டச்சுக் கப்பல்கள் நகர முடியாமல் கிடந்தன. இந்தோனேசிய மாலுமிகள் முதலில் இறங்கினார்கள். ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள் சரக்கேற்ற மறுத்தார்கள். ஆள் குறைந்த இடத்துக்குக் கொண்டுவரப்பட்ட இந்திய மாலுமிகளும் விவரம் தெரிந்ததும் வேலையை விட்டார்கள். ஐநூறுக்கும் மேற்பட்ட கலங்களைத் தொட்டது அந்தப் புறக்கணிப்பு. ஆயுதமும் துருப்பும் ஜாவாவை எட்டுவது அதனால் தாமதமாயிற்று. சுரபாயாவில் சுட்டதும் இந்தியக் கைகள், சிட்னியில் சுமக்க மறுத்ததும் இந்தியக் கைகள். சாம்ராஜ்யம் ஒரே ஊர்க்காரர்களை எத்தனை விதமாகப் பயன்படுத்த முயன்றது, அவர்களில் எத்தனை பேர் மறுக்க வழி கண்டார்கள் என்பதை எடைபோட்டுப் பார்க்காமல் இந்த வரலாற்றை எழுத முடியாது.

வீரர் தூண் நிற்கும் திடலில் மாலைப்பொழுது முடிந்தது. ஜப்பானியக் காலத்தில் கெம்பெய்த்தாய் என்னும் ராணுவக் காவல் துறை குடியிருந்த நீதிமன்றக் கட்டடம் நின்ற இடம் அது. சண்டையில் அது அழிந்துபோனது.

நான்காம் நாள்: யோக்யகர்த்தா

1946 ஜனவரி 4 அன்று இந்தோனேசியக் குடியரசின் தலைநகரம் ஜகார்த்தாவிலிருந்து இங்கே வந்தது. ஒன்பதாம் ஹமெங்குபுவோனோ சுல்தான் தம் நகரத்தைக் குடியரசுக்குத் திறந்துவிட்டார். பழைய டச்சு ஆட்சியாளரின் மாளிகை குடியரசுத் தலைவரின் இல்லமாயிற்று. அதற்கு நேர் எதிரே பழைய டச்சுக் கோட்டையான விரேதபர்க். ஒன்றின் வாசலில் நின்றால் மற்றதன் வாசல் தெரிகிறது.

நகரத்துக்குள் இருப்பதைப் பிறகு சொல்கிறேன். இன்று நான் முதலில் போனது தெற்கே பந்துல் வட்டத்தில் இருக்கும் ஙோத்தோ என்ற இடத்துக்கு. 1947 ஜூலை 29 அன்று மாலை, சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு யோக்யகர்த்தாவில் இறங்கவிருந்த ஒரு டகோட்டா விமானத்தை டச்சுப் போர் விமானங்கள் சுட்டன; அது இங்கே வயல்வெளியில் விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்தவை மலாயாச் செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த மருந்துப் பொருட்கள். விமானம் ஒடிசாவைச் சேர்ந்த பிஜு பட்நாயக்குடையது, இந்தியப் பதிவெண் பெற்றது. விமானி கான்ஸ்டன்டைன் ஆஸ்திரேலியர். துணை விமானி ஹேசல்ஹர்ஸ்ட் ஆங்கிலேயர். பொறியாளர் பிதா ராம் இந்தியர். அவர்களோடு இந்தோனேசிய விமானப் படையை உருவாக்கியவர்களான அதிசுச்சிப்தோ, அப்துல்ரஹ்மான் சாலே, அதிசுமார்மோ ஆகியோர். ஒன்பது பேரில் பிழைத்தவர் ஒருவர் மட்டுமே. யோக்யகர்த்தா, மலாங், சோலோ ஆகிய மூன்று ஊர்களின் விமான நிலையங்கள் இன்று அந்த மூவரின் பெயர்களைத் தாங்கியிருக்கின்றன. அதிசுச்சிப்தோவும் சாலேயும் இங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

நினைவிடத்தில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. சுற்றிலும் நெற்பயிர். ஒரே விமானத்தில் இத்தனை நாட்டார் இருந்தார்கள் என்பதைத்தான் நான் இங்கே வந்து தெரிந்துகொள்ள விரும்பினேன். தெரிந்துகொண்ட பின் அங்கிருந்து உடனே கிளம்ப மனம் வரவில்லை.

அதே பட்நாயக் அதற்குச் சில நாட்கள் முன்புதான், டச்சு வான் முற்றுகையைக் கடந்து வந்து, சற்று முன்பு வரை பிரதமராக இருந்த சுதான் ஷாரிரை இந்தியாவுக்கு ஏற்றிச் சென்றிருந்தார். ஜூலை 21 அன்று டச்சுப் படைகள் தோட்டங்களும் துறைமுகங்களும் நிறைந்த பகுதிகளைக் கைப்பற்றப் பெரும் தாக்குதலைத் தொடங்கின. முந்தைய மார்ச் 25 அன்று டச்சுத் தரப்புக்கும் குடியரசுக்கும் இடையே கையெழுத்தான லிங்கர்ஜாத்தி ஒப்பந்தத்தின் மை காய்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. தாக்குதலுக்கு, டச்சு அரசு இயங்கும் ஹேக் வைத்த பெயர் 'காவல் நடவடிக்கை'. அந்தப் பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. தன் நாட்டுக்குள் காவல் துறை எடுக்கும் நடவடிக்கையில் ஐ.நா. தலையிட முடியாது என்பது டச்சு வாதம். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் இதைப் பாதுகாப்புச் சபைக்குக் கொண்டுபோயின; ஆகஸ்ட் 1 அன்று சபை இருதரப்பையும் போரை நிறுத்தச் சொன்னது. 'இருதரப்பு' என்று ஒரு தீர்மானம் சொல்லிவிட்டால், இரண்டு தரப்புகள் இருக்கின்றன என்று உலகம் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுகிறது. ஆகஸ்ட் 14 அன்று ஷாரிர் அந்தச் சபையின் முன்னால் அமர்ந்து பேசினார். எகிப்து அதற்கு முன்பே, ஜூன் 10 அன்று, ஹாஜி அகுஸ் சலீமின் தூதுக்குழுவோடு கெய்ரோவில் நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தது. டச்சுக்காரர்கள் தேர்ந்த பெல்ஜியம், குடியரசு தேர்ந்த ஆஸ்திரேலியா, இரண்டும் சேர்ந்து தேர்ந்த அமெரிக்கா என மூன்று நாடுகளின் சமரசக் குழு அமைந்தது. 1948 ஜனவரி 17 அன்று ரென்வில் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் இன்னோர் ஒப்பந்தம். அது குடியரசின் நிலத்தைச் சுருக்கியது, ஆனாலும் குடியரசு பிழைத்திருந்தது.

மாலையில் விரேதபர்க் கோட்டையின் மூலையிலுள்ள நினைவுச்சின்னத்தின் முன் அமர்ந்து இதை எழுதுகிறேன். 1948 டிசம்பர் 19 அன்று டச்சுப் பாராசூட் படை மகுவோ விமான தளத்தில் இறங்கி இந்த நகரத்தைப் பிடித்தது. சுகர்ணோவும் ஹட்டாவும் பிடிபட்டுச் சுமத்ராப் பக்கம் கொண்டுபோகப்பட்டார்கள். குடியரசு முடிந்துவிட்டது என்று ஹேக் கருதியிருக்கும். ஆனால் மேற்குச் சுமத்ராவின் புக்கித்திங்கியில் இருந்த ஷாஃப்ருதீன் பிரவிரானெகாரா அவசரகால அரசை அமைத்தார். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகியவை டச்சு விமானங்களுக்கு வழி மறுத்தன. 1949 ஜனவரியில் தில்லியில் நேரு கூட்டிய மாநாட்டில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் டச்சுத் தாக்குதலைக் கண்டித்தன. அதே மாதம் 28ஆம் தேதி, கைதிகளை விடுவிக்கவும் ஆட்சியைக் கைமாற்றவும் பாதுகாப்புச் சபை தீர்மானித்தது. அமெரிக்கா, இந்தோனேசியாவிலிருந்த டச்சு நிர்வாகத்துக்கென ஒதுக்கியிருந்த மார்ஷல் திட்ட உதவியை, அதாவது போருக்குப் பிந்தைய ஐரோப்பிய மறுசீரமைப்புக்கான உதவியை, நிறுத்தியது. மார்ச் 1 அன்று குடியரசுப் படை இந்த நகரத்துக்குள் நுழைந்து ஆறு மணி நேரம் தன் வசம் வைத்திருந்துவிட்டுப் பின்வாங்கியது. படைக்கணக்கில் ஆறு மணி நேரம் சிறியது. குடியரசு இன்னும் உயிரோடிருக்கிறது என்ற செய்திக்கு அது போதுமானதாக இருந்தது.

மே மாதத்தில் உடன்பாடு, ஆகஸ்டு முதல் நவம்பர் வரை ஹேக்கில் வட்டமேசை மாநாடு. அந்த மாநாட்டில் இந்தோனேசியா தலையில் ஏற்றிக்கொண்ட சுமையைப் பலர் அறிவதில்லை. பழைய காலனி அரசின் கடனில் சுமார் 430 கோடி கில்டரை (கில்டர் டச்சு நாணயம்) புதிய நாடு ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. அதில் தன்னை ஒடுக்க நடத்தப்பட்ட போரின் செலவும் சேர்ந்திருந்தது. விடுதலைக்காகச் சிந்திய ரத்தத்துக்கு மேல், அந்த ரத்தத்தைச் சிந்தவைத்தவர்களின் செலவுக் கணக்கையும் ஒரு மக்கள்கூட்டத்திடம் நீட்டியதை நிதானமாக எழுத எனக்கு இன்னமும் கஷ்டமாக இருக்கிறது. 1956இல் இந்தோனேசியா அந்தக் கடனின் மிச்சத்தைத் தர மறுத்துவிட்டது.

ஐந்தாம் நாள்: பாண்டுங் செல்லும் வழி

மலைப்பகுதியில் ரயில் வளைந்து வளைந்து ஏறுகிறது. உடல் அலுத்திருக்கிறது, இன்று எழுத அதிகமில்லை. பாண்டுங்கில் இறங்கியதும் கடைகளுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் பாஞ்சூய் சிறையின் அறையைப் பார்த்தேன். 1929 டிசம்பர் 29 அன்று யோக்யகர்த்தாவில் கைதான சுகர்ணோ இங்கே அடைக்கப்பட்டார். சிறை முழுவதும் போய்விட்டது, அந்த அறை மட்டும் இருக்கிறது. ஒருவர் கைகளை அகல விரித்தால் சுவர்கள் அருகில் வந்துவிடும். 1930இல் இதே நகரத்து நீதிமன்றத்தில், குற்றம் சாட்டப்பட்டவராக எழுந்து நின்று, காலனியாதிக்கத்தின் மீது அவர் குற்றம் சாட்டினார்.

ஆறாம் நாள்: பாண்டுங்

ஆசிய ஆப்பிரிக்கச் சாலையில் இருக்கும் விடுதலை மாளிகை, 1895இல் ஐரோப்பியரின் கேளிக்கை மன்றமாகத் தொடங்கப்பட்டது. 1955 ஏப்ரல் 18 அன்று 29 நாடுகளின் பிரதிநிதிகள் சாவோய் ஹோமான் ஓட்டலிலிருந்து இந்தக் கட்டடத்துக்கு வீதி வழியே நடந்தே வந்தார்கள். நானும் அதே தூரத்தை நடந்தேன். மிகக் குறைந்த தூரம்தான்.

கூட்டியவை இந்தோனேசியா, இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பர்மா. கொழும்பில் 1954இல் பேச்சாகத் தொடங்கியது, போகோரில் திட்டமாயிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை ஆறே நாடுகள். அவற்றிலும் சூடானும், கோல்ட் கோஸ்ட் என்றிருந்த இன்றைய கானாவும் அப்போது முழு விடுதலை பெற்றிருக்கவில்லை. இன்னமும் கதவுக்கு வெளியே நின்றவர்களும் வந்திருந்தார்கள். அல்ஜீரிய விடுதலை முன்னணியின் ஹுசைன் ஆய்த் அகமதும், தென்னாப்பிரிக்காவிலிருந்து மோசஸ் கோட்டானேயும் மௌலவி கச்சாலியாவும் பார்வையாளர்களாக அமர்ந்திருந்தார்கள். மாநாட்டு மண்டபத்தில் வரிசை வரிசையாக இருக்கும் நாற்காலிகளைப் பார்த்தபோது நான் தேடியது அவர்களுடைய இடத்தைத்தான். அல்ஜீரியாவுக்கு விடுதலை வர இன்னும் ஏழாண்டுகள் இருந்தன. தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்கள் வாக்களிக்க முப்பத்தொன்பது ஆண்டுகள்.

மாநாட்டுக்கு வந்தவர்கள் ஒருமனப்பட்டவர்கள் என்று நினைப்பது தவறு. இலங்கைப் பிரதமர் ஜோன் கொத்தலாவல எழுந்து, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஒன்றியத்தின் பிடியும் காலனியாதிக்கம்தானே, அதை ஏன் பேசவில்லை என்று கேட்டார். நேரு எரிச்சலடைந்தார், சீனப் பிரதமர் சூ என்லாயும் கொத்தலாவலயோடு பேச வேண்டியதாயிற்று. காலனியாதிக்கம் அதன் எல்லா வடிவங்களிலும் ஒரு தீமை, அது விரைவில் ஒழிக்கப்பட வேண்டும் என்ற சொற்கள் இறுதி அறிக்கையில் வந்தது இந்தச் சச்சரவின் பலன். அந்த 'எல்லா வடிவங்களிலும்' என்ற சொல்லை ஒரு சமரசச் சூத்திரமாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது மாநாட்டின் மிக உறுதியான சொல்லாகப் படுகிறது, ஏனென்றால் அது எழுதியவர்களையே கட்டுப்படுத்தக்கூடியது. ஐந்தரை ஆண்டுகள் கழித்து, 1960 டிசம்பர் 14 அன்று ஐ.நா. பொதுச்சபை 1514ஆம் தீர்மானத்தை 89 வாக்குகளால் நிறைவேற்றியபோது, எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. ஒன்பது நாடுகள் மட்டும் ஒதுங்கி நின்றன. அந்தத் தீர்மானமும் காலனியாதிக்கத்தை எல்லா வடிவங்களிலும் முடிவுக்குக் கொண்டுவரவே கோரியது.

'எல்லா வடிவங்களிலும்' என்று எழுதிய பாண்டுங் மண்டபத்தின் நாடு அந்தச் சொல்லுக்கு எப்போதும் உண்மையாக இருந்ததா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் பாண்டுங்கை விட்டுப் போனால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். வட்டமேசையில் முடிவு தள்ளிவைக்கப்பட்ட மேற்குப் பப்புவா 1963இல் இந்தோனேசியாவிடம் வந்தது. 1969இல் அந்த மக்களின் விருப்பத்தைக் கேட்பதாக நடந்த நிகழ்வில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே கூட்டங்களில் தலையசைக்க வைக்கப்பட்டார்கள். போர்த்துக்கல் விட்டுப்போன கிழக்குத் திமோர் 1975 நவம்பர் 28 அன்று தன் விடுதலையை அறிவித்தது. ஒன்பது நாட்களில் இந்தோனேசியப் படை நுழைந்தது. 2002 மே 20 வரை அந்த நாடும் தன் இரண்டு தேதிகளுக்கு நடுவே காத்திருந்தது.

ஏழாம் நாள்: ராவகெதே

பாண்டுங்கிலிருந்து வாடகைக் காரில் கராவாங் மாவட்டத்துக்கு வந்தேன். ஊரின் இன்றைய பெயர் பாலோங்சாரி, 1947இல் ராவகெதே. ரென்வில் கப்பலில் பேச்சுவார்த்தை தொடங்கிய நாள் அந்த ஆண்டு டிசம்பர் 8. மறுநாள் காலை, லூக்காஸ் குஸ்தார்யோ என்ற குடியரசு அதிகாரியைத் தேடி டச்சுப் படை இந்த ஊருக்குள் வந்தது. அவரைக் காணவில்லை. ஊரின் ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். ஊரார் கணக்கில் இறந்தவர்கள் 431 பேர். ஐ.நா. குழுவின் பார்வையாளர்கள் அடுத்த மாதம் விசாரித்துவிட்டு, நடந்தது வேண்டுமென்றே செய்யப்பட்டது, இரக்கமற்றது என்று எழுதினார்கள். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு இந்த ஊரின் விதவைகள் நெதர்லாந்து அரசின் மீது ஹேக்கில் வழக்குத் தொடுத்தார்கள். வழக்குக்குரிய காலம் கடந்துவிட்டது என்று அரசு வாதிட்டது. 2011 செப்டம்பர் 14 அன்று நீதிமன்றம் அதை ஏற்காமல், அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. ஆளுக்கு 20,000 யூரோ இழப்பீடு. அந்த ஆண்டு டிசம்பர் 9 அன்று டச்சுத் தூதர் இங்கே வந்து மன்னிப்புக் கேட்டார். வழக்கின் உள்ளே அதே தேதிக் கேள்வி கிடந்தது. 1949 வரை இது டச்சு நிலம் என்பது ஹேக்கின் சட்ட நிலை. அப்படியானால் அன்று சுடப்பட்டவர்கள் டச்சு அரசின் சொந்தக் குடிகள். தன் காலத்துக்கு உரிமை கோரிய அரசு, அந்தக் காலத்தின் இறந்தவர்களையும் ஏற்க வேண்டியதாயிற்று. 2020இல் டச்சு மன்னர் மிகையான வன்முறைக்காக வருந்தினார். 2023 ஜூன் 14 அன்று பிரதமர் ரூட்டே, 1945 ஆகஸ்ட் 17ஐ இந்தோனேசியாவின் விடுதலை நாளாக நெதர்லாந்து முழுமையாகவும் தயக்கமின்றியும் ஏற்கிறது என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். இமாம் போன்ஜோல் சாலை வீட்டில் அந்தத் தாள் தட்டச்சாகி ஏறத்தாழ 77 ஆண்டுகளும் பத்து மாதங்களும் ஆகியிருந்தன.

கல்லறைகள் வெயிலில் வெண்மையாக, ஒரே அளவில், நெருங்கி நெருங்கி இருக்கின்றன. பராமரிப்பவர் வாயிற்கதவைத் திறந்துவிட்டு, பேசாமல் சற்றுத் தள்ளி நின்றார். வழக்குத் தொடுத்தவர்களுள் விதவைகளோடு ஓர் ஆணும் இருந்தார்: அந்தக் காலையில் வரிசையில் நின்று, குண்டு பட்டும் உயிர் தப்பியவர். தீர்ப்பு வருவதற்கு நான்கு மாதங்கள் முன்னால், 2011 மே மாதத்தில், அவர் இறந்துபோனார்.